கிறிஸ்டியன் ரெக்கார்டர்: பிரிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடிய வாரப் பத்திரிகை

அமெரிக்காவின் கறுப்பின மெதடிஸ்ட் சபை ஒன்று நடத்திய ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ பத்திரிகையின் 1866 மார்ச் 17 தேதியிட்ட இதழில் ஒரு தாயின் விளம்பரம் வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் மேரிஸ்வில் ஊரில் வசித்த எலிசபெத் வில்லியம்ஸ் கொடுத்தது. லிடியா, வில்லியம், ஆலன், பார்க்கர் என்ற தன் நான்கு பிள்ளைகளை அவர் தேடுகிறார். டென்னசியில் வுட்பரி ஊருக்கு ஆறு மைல் தள்ளி ஜான் பெட்டி என்பவரிடம் தாயும் பிள்ளைகளும் அடிமைகளாக இருந்தார்கள். சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் தாயை மட்டும் வேறொருவருக்கு விற்றார்கள். பிறகு ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பின் பிள்ளைகளை அவர் பார்க்கவே இல்லை. தன்னை அப்போது பெட்சி என்று கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கடைசியில் ஒரு வேண்டுகோள்: வுட்பரி பக்கத்துப் போதகர்கள் விசாரித்து, கடிதம் மூலமோ இந்தப் பத்திரிகை வழியாகவோ தகவல் தர வேண்டும்.

விளம்பரம் கொடுத்தவர் இருந்தது மேற்குக் கரையில். பிள்ளைகள் கடைசியாக இருந்ததாக அவருக்குத் தெரிந்த இடம் தெற்கே, டென்னசியில். பத்திரிகை அச்சானதோ கிழக்கே, பிலடெல்ஃபியாவின் பைன் தெருவில். வாராவாரம் வந்த இந்த நாலு பக்கத் தாள் மூன்று இடங்களையும் எப்படித் தொட்டது? எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு மக்களிடம் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் பத்திரிகையின் வரலாறே வந்துவிடும்.

முதலில் மெதடிஸ்டுகளுக்கும் அச்சுக்கும் உள்ள உறவு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய இந்தப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ இயக்கம் அமெரிக்காவில் குதிரையேறி ஊர் ஊராகப் போன போதகர்களால் பரவியது. ஒரு போதகருக்கு ஒரு ஆலயம் என்ற கணக்கு கிடையாது. ஒரு வட்டாரத்தையே சுற்றி வர வேண்டும். அவருடைய பையில் வேதாகமத்தோடு விற்பதற்கான புத்தகங்களும் இருக்கும். புத்தகம் விற்பது ஊழியத்தின் ஒரு பகுதி என்றே கருதினார்கள். 1789-லேயே அமெரிக்க மெதடிஸ்டுகள் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கிவிட்டார்கள். 1823-ல் பாஸ்டனில் ‘சயான்ஸ் ஹெரால்ட்’, 1826-ல் நியூயார்க்கில் ‘கிறிஸ்டியன் அட்வகேட்’ என்று வார இதழ்கள் வந்தன. அட்வகேட்டின் விற்பனை சில ஆண்டுகளிலேயே 20,000-ஐத் தாண்டியது. அந்தக் கால அமெரிக்காவுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. சந்தா சேர்க்கவும், பணம் வாங்கவும், இதழைக் கொண்டு சேர்க்கவும் ஊருக்கு ஊர் ஆள் இருந்ததுதான் காரணம். அந்த ஆள், போதகர்.

ஆனால் அடிமைமுறை என்று வந்தபோது வெள்ளையர் நடத்திய மெதடிஸ்ட் இதழ்கள் தயங்கின. தெற்கிலும் வடக்கிலும் உறுப்பினர்களைக் கொண்ட சபை உடையக்கூடாது என்ற கவலை அவற்றுக்கு. 1844-ல் அடிமைகளை வைத்திருந்த ஒரு பேராயரைப் பற்றிய தகராறில் சபை எப்படியும் இரண்டாக உடைந்தது.

கறுப்பின மெதடிஸ்டுகள் அதற்கு வெகு முன்பே தனிவழி பார்த்திருந்தார்கள். 1760-ல் அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஆலன் பிலடெல்ஃபியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் பிரசங்கித்து வந்தார். அங்கே ஒரு ஆராதனையில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களை இடம் மாறி உட்காரச் சொல்லிப் பிடித்து இழுத்தார்கள். ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. மொத்தப் பேரும் எழுந்து வெளியேறினார்கள். இது நடந்தது 1787 என்பது சபை மரபு. சில ஆண்டுகள் பிந்தியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1794-ல் ஆலன் பெத்தேல் ஆலயத்தை நிறுவினார். 1816-ல் பல ஊர்களின் கறுப்பின மெதடிஸ்ட் சபைகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையை உருவாக்கின. ஆலன் அதன் முதல் பேராயர். மறு ஆண்டே ஒழுங்குமுறை நூல் அச்சானது, 1818-ல் பாட்டுப் புத்தகம். ஆக, அச்சுப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

பத்திரிகை மட்டும் லேசில் அமையவில்லை. 1841-ல் புரூக்ளினில் தொடங்கிய சபைச் சஞ்சிகை சில ஆண்டுகளில் நின்றுபோனது. இதற்கிடையே பிட்ஸ்பர்க்கில் மார்ட்டின் டிலேனி என்ற இளைஞர் 1843-ல் ‘மிஸ்டரி’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, வெள்ளை மாணவர்களின் எதிர்ப்பால் வெளியேற்றப்பட்டவர் இவர்தான். உள்நாட்டுப் போரின் முடிவில் அமெரிக்க ராணுவத்தில் மேஜரானவரும் இவர்தான். 1847-ன் இறுதியில் அவர் அடிமைமுறை எதிர்ப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸோடு ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையில் சேர்ந்துகொள்ள, மிஸ்டரியை 1848-ல் சபை வாங்கியது. ‘கிறிஸ்டியன் ஹெரால்ட்’ என்று பேர் வைத்து நடத்தியது. 1852-ல் சபையின் பொது மாநாடு அந்தப் பேரை ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’ என்று மாற்றி, அலுவலகத்தைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனது. முதல் ஆசிரியர் மாலிஸ்டன் மேடிசன் கிளார்க்.

அப்புறமும் ஒன்பது ஆண்டுகள் தடுமாற்றம்தான். பணம் கிடைத்தால் இதழ் வரும், இல்லாவிட்டால் இல்லை. இன்றுவரை தொடர்ந்து வரும் கறுப்பின அமெரிக்கப் பத்திரிகைகளில் மிகப் பழையது என்று ரெக்கார்டரைச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை நியாயமானதே என்றாலும் 1850களில் இருந்த இந்த இடைவெளிகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1861 ஜனவரியில் நிலைமை மாறியது. எலைஷா வீவர் என்ற போதகர் பொறுப்பேற்று ரெக்கார்டரை நிஜமான வார இதழாக்கினார். சபைச் செய்தி, உள்நாட்டுச் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, பொதுத் துணுக்குகள், திருமண அறிவிப்பு, மரண அறிவிப்பு, விளம்பரம் என்று நாலு பக்கத்துக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. மூன்று மாதத்தில் வட மாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. சாதாரணமாக ஒரு ஏழைப் பத்திரிகை போர்க்காலத்தில் மூடப்படும். ரெக்கார்டர் போரில்தான் வளர்ந்தது.

அதற்கு முன் தென்மாநிலங்களுக்குள் இந்த இதழ் நுழைய வழியே இல்லை. 1835-லேயே சார்ல்ஸ்டனில் அடிமைமுறை எதிர்ப்புப் பிரசுரங்களைத் தபால் நிலையத்திலிருந்து எடுத்துக் கொளுத்தியிருந்தார்கள். அத்தகைய தபால்களை உள்ளூர் அதிகாரிகள் நிறுத்திவைப்பதை மத்திய தபால்துறையும் கண்டுகொள்ளவில்லை. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே பல மாநிலங்களில் குற்றம். டேனியல் பெய்ன் என்ற இளம் ஆசிரியர் சார்ல்ஸ்டனில் நடத்திய பள்ளியை அப்படி ஒரு சட்டம் 1835-ல் மூடவைத்தது. அவர் ஊரை விட்டே போனார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1865 மே மாதம், அதே பெய்ன் பேராயராகச் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி வந்து தென் கரோலினாவில் சபையின் மாநாட்டை அமைத்தார். வடக்கின் படை முன்னேறிய வழியெல்லாம் சபையின் போதகர்கள் போனார்கள். அவர்களோடு ரெக்கார்டரும் போனது. போருக்கு முன் சுமார் 20,000 உறுப்பினர்கள் இருந்த சபையில் 1880 வாக்கில் 4 லட்சம் பேர் இருந்தார்கள்.

படைக்குள்ளும் இதழுக்கு வாசகர்கள் இருந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர், உடைப்படி தனி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். கையில் கிடைப்பது 7. மாசசூசெட்ஸின் 54-ஆம் படைப்பிரிவு இந்தச் சம்பளத்தைத் தொடமாட்டோம் என்று ஒரு வருடத்துக்கும் மேல் மறுத்து நின்றது. போர்முனையில் உயிரைக் கொடுத்துக்கொண்டே, வீட்டில் மனைவி மக்கள் பட்டினி கிடக்க, சம்பளத்தை மறுப்பது எவ்வளவு பெரிய முடிவு! கறுப்பினச் சிப்பாய்கள் முகாம்களிலிருந்து எழுதிய கடிதங்களை ரெக்கார்டர் வாராவாரம் வெளியிட்டது. தளபதிகளின் அறிக்கைகளில் கிடைக்காத போர் இந்தக் கடிதங்களில் கிடைக்கிறது. கறுப்பினத்தவரில் முதல் ராணுவப் போதகர்களில் ஒருவரான ஹென்றி மெக்நீல் டர்னர் வாஷிங்டனிலிருந்தும் பிறகு போர்முனையிலிருந்தும் இதழுக்கு எழுதினார். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமச் சம்பளத்துக்குச் சட்டம் இயற்றியது.

போர் முடிந்தது. சுமார் 40 லட்சம் பேர் விடுதலையானார்கள். விடுதலையான கையோடு பலரும் செய்த முதல் காரியம் சொந்தங்களைத் தேடியது. 1790-க்கும் 1860-க்கும் இடையே வர்ஜீனியா, மேரிலாண்டு போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தெற்கின் பருத்திக் காடுகளுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேரைக் கொண்டுபோயிருந்தார்கள். இவர்களில் பெரும்பகுதி வியாபாரிகளால் வாங்கி விற்கப்பட்டவர்கள். எஜமான் கடன்பட்டால் விற்பனை, செத்தால் பாகப்பிரிவினை, மகளுக்குக் கல்யாணமென்றால் சீதனம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு குடும்பம் உடையும்.

இங்கேதான் “தகவல் தேவை” என்ற தலைப்பில் வந்த விளம்பரங்கள் முக்கியமாகின்றன. என் கணிப்பில் ரெக்கார்டரின் தலையங்கங்களைவிட இந்தப் பத்திகளே பெரிய சாதனை. அவற்றைக் கவனித்துப் படித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டமைப்பு இருப்பது தெரியும். தேடுபவர் தன் பேரைச் சொல்வார், தான் முன்பு யாருக்குச் சொந்தமாக இருந்தார் என்று சொல்வார், யார் யாருக்கு விற்றார்கள், எந்த ஊரில், எந்த வியாபாரி வழியாக என்று வரிசையாகச் சொல்வார். அடிமைகளின் குடும்பப் பேரைப் பதிவுகள் மதிக்கவில்லை. விடுதலைக்குப் பின் பலர் புதுப் பேர் வைத்துக்கொண்டார்கள். குழந்தையாகப் பிரிந்தது இப்போது வளர்ந்து முகம் மாறியிருக்கும். அப்படியானால் எதைச் சொல்லித் தேடுவது? பழைய எஜமான்களின் பேர்தான் மிச்சமிருந்த ஒரே முகவரி. தன்னை விற்றவனின் பேரை இருபது, முப்பது ஆண்டுகளாக மனதில் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளையைக் கண்டுபிடிக்க அதையே பயன்படுத்தினார்கள். எழுத்தறியாத ஒரு தாய் எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் நினைவில் சுமந்திருந்த ஆவணம் அது.

சரி, இதை யார் படித்தது? 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கறுப்பின அமெரிக்கர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தது போதகர். விளம்பரங்களிலேயே அந்த வேண்டுகோள் இருந்தது: தயவுசெய்து உங்கள் ஆலயத்தில் வாசித்துச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் பிரசங்க மேடையிலிருந்து பேர்கள் வாசிக்கப்படும், சபை முழுவதும் கேட்கும். சந்தா கட்டியவர் ஒருவர், கேட்டவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். சந்தா எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்தப் பத்திரிகையின் வீச்சை அளக்க முடியாது என்று சொல்வது இதனால்தான். வட்டாரம் சுற்றும் மெதடிஸ்ட் போதகர் அடுத்த ஊருக்குப் போகும்போது அந்தப் பேர்களையும் கொண்டுபோவார்.

இதே வேலையை இன்னொரு மெதடிஸ்ட் வார இதழும் செய்தது. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ 1879 நவம்பரில் “தொலைந்த நண்பர்கள்” என்ற பத்தியைத் தொடங்கியது. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். 1879-க்கும் 1900-க்கும் இடையே அதில் வந்த 2,500-க்கும் மேற்பட்ட தேடல்களை நியூ ஆர்லியன்ஸின் வரலாற்றுக் காப்பகம் ஒன்று தொகுத்து வைத்திருக்கிறது. விடுதலை கிடைத்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும் தேடிக்கொண்டிருந்தார்கள்!

எத்தனை பேர் சேர்ந்தார்கள்? கிடைத்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால் மிகச் சிலரே. இதை மறைத்து, எல்லோரும் ஒன்றுகூடியதாக எழுதினால் அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பெண்கள் எழுதியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்த ஜூலியா காலின்ஸ் 1865-ல் ரெக்கார்டரில் ஒரு தொடர்கதை எழுதினார். கதை முடியும் முன்பே காசநோயால் இறந்துபோனார்; கதை அப்படியே நின்றுவிட்டது. கவிஞரும் பேச்சாளருமான ஃபிரான்சஸ் எல்லன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் 1869, 1876, 1888 ஆண்டுகளில் தொடங்கி மூன்று தொடர்கதைகளை இங்கே எழுதினார். முதல் கதையில், வெள்ளையர்களாக வளர்க்கப்பட்ட இருவர் தங்கள் ஆப்பிரிக்க வேரை அறிந்த பின் கறுப்பின மக்களோடே வாழ முடிவெடுக்கிறார்கள். ஹார்ப்பர் எழுதியது ஒரே நாவல்தான் என்று நூறாண்டு காலம் நம்பிவந்தார்கள். 1990களில் ஒரு ஆய்வாளர் பழைய இதழ்களிலிருந்து இந்த மூன்றையும் தோண்டியெடுத்து 1994-ல் புத்தகமாக்கினார். சில இதழ்கள் கிடைக்காததால் இன்றும் சில அத்தியாயங்கள் இல்லை. கறுப்பினப் பெண்களுக்கு வேறு பதிப்பகங்கள் கதவு திறக்காத காலத்தில் ஒரு சபைப் பத்திரிகை அவர்களுக்கு வாராவாரம் இடம் கொடுத்தது.

ஆனால் சபை எப்போதும் இப்படித் தாராளமாக இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். ஜரீனா லீ என்ற பெண்ணுக்கு 1819-லேயே பிரசங்கம் செய்ய ரிச்சர்ட் ஆலன் அனுமதி கொடுத்திருந்தார். அவர் ஆயிரக்கணக்கான மைல் நடந்தும் பயணம் செய்தும் ஊழியம் செய்தவர். 1840களில் தன் வாழ்க்கை வரலாற்றை விரித்தெழுதி சபையின் நூற்குழுவிடம் கொடுத்தபோது அச்சிட மறுத்துவிட்டார்கள். 1849-ல் தானே பணம் போட்டு வெளியிட்டார். சபையின் அச்சகம் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதை ஆண் போதகர்களே தீர்மானித்தார்கள்.

அச்சு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பத்திரிகையின் அடிப்படைக் கேள்வி. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பத்திரிகையான ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ 1827-ல் தொடங்கி 1829-ல் நின்றது. ரெக்கார்டரின் போட்டியாளராக இருந்த ‘வீக்லி ஆங்கிலோ ஆப்பிரிக்கன்’ 1859-ல் தொடங்கி 1865-ல் முடிந்தது. இவை எழுத்தில் ரெக்கார்டருக்குக் குறைந்தவை இல்லை. சில சமயம் கூர்மையாகவே எழுதின. ஆனால் அவை தனிமனிதர்களின் உழைப்பில் நின்றன, அவர்கள் களைத்தபோது நின்றன. ரெக்கார்டரின் ஆசிரியர் சபை மாநாட்டில் நியமிக்கப்படுபவர். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். அதற்கான விலை, சபையின் உள் அரசியலும் பக்கங்களுக்குள் வந்தது. நெடுங்காலச் சந்தா பாக்கி பற்றிய புலம்பலும் ஓயவில்லை. அந்த விலையைக் கொடுத்தது சரிதான் என்பேன். 1866-ல் இந்தப் பத்திரிகை இல்லாமல் போயிருந்தால் மேரிஸ்வில்லிலிருந்து வுட்பரிக்கு ஒரு செய்தி போக வேறு எந்த வழி இருந்திருக்கும்?

1868-லிருந்து 1884 வரை பெஞ்சமின் டக்கர் டானர் ஆசிரியர். பின்னாளில் பாரிஸில் புகழ்பெற்ற ஓவியரான ஹென்றி ஒசாவா டானரின் தந்தை இவர். இவர் காலத்தில் ரெக்கார்டர் விவாதக் களமாகவே ஆனது. தெற்கில் வன்முறை பெருகி, கிடைத்த வாக்குரிமை கைநழுவத் தொடங்கியதும் ஆப்பிரிக்காவுக்கே போய்விடலாம் என்றார் போர்க்காலத்தில் ராணுவப் போதகராக இருந்த டர்னர். 1878-ல் சார்ல்ஸ்டனிலிருந்து ‘அசோர்’ என்ற கப்பல் இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு லைபீரியாவுக்குக் கிளம்பியது. டானருக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த நாடும் நம்முடையதுதான், இங்கேயே நின்று போராடுவோம் என்ற கட்சி அவர். இரு தரப்பு எழுத்தும் வந்தது. டர்னர் பிறகு 1893-ல் தனக்கென்று ‘வாய்ஸ் ஆஃப் மிஷன்ஸ்’ இதழைத் தொடங்கிக்கொண்டார்.

1909 முதல் 1928 வரை ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் ராபர்ட் ரைட் ஜூனியர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கு நகரங்களுக்கு இடம்பெயர்ந்த காலம் அது. போகாதீர்கள் என்று சில தலைவர்கள் தடுத்துக்கொண்டிருக்க, ரைட் வாருங்கள் என்று எழுதினார். வட நகரத்துச் சபைகள் அவர்களை வரவேற்று வேலையும் வீடும் தேடித்தர வேண்டும் என்றார்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரலாற்றில் சொல்ல அதிகமில்லை. பெரிய நகரக் கறுப்பினப் பத்திரிகைகள் பொதுச் செய்தியின் இடத்தை எடுத்துக்கொண்டன, ரெக்கார்டர் சபை இதழாகச் சுருங்கியது. அலுவலகம் டென்னசியின் நாஷ்வில்லுக்குப் போனது. இன்று அச்சிலும் இணையத்திலும் அங்கிருந்து வருகிறது.

பழைய இதழ்களுக்கோ இப்போது புது வாசகர்கள். 2017-ல் வில்லனோவா பல்கலைக்கழகமும் பிலடெல்ஃபியாவின் பெத்தேல் ஆலயமும் சேர்ந்து, ரெக்கார்டரிலும் மற்ற பத்திரிகைகளிலும் வந்த தேடல் விளம்பரங்களை இணையத்தில் தொகுக்கத் தொடங்கின. பல்லாயிரம் வரிகளைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்துவருகிறார்கள். கறுப்பின அமெரிக்கர்கள் தம் குடும்ப வேரைத் தேடும்போது 1870-ல் ஒரு சுவர் எழும்பி நிற்கும். அடிமைகளாக இருந்தவர்களின் பேர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக எழுதியது அந்த ஆண்டில்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானின் பேர் இருக்கும். அவனுக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். ரெக்கார்டரின் விளம்பரங்களில் தாயின் பேர், பிள்ளைகளின் பேர், எஜமானின் பேர், ஊர் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், அந்தச் சுவருக்கு அப்பாலுள்ள பேரில்லாத பட்டியலில் இன்ன வரி இன்னார் என்று பொருத்திப் பார்க்க வழி கிடைக்கிறது. அன்று பிள்ளைகளைத் தேடுவதற்காகக் கொடுத்த விளம்பரங்களை வைத்து இன்று பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அவர்களைத் தேடுகிறார்கள்.